ஃபோர்டைன் கொலை: இரு வேறு சம்பவங்களைக் கலக்க வேண்டாம்
குடியேற்றத்தையும் இஸ்லாத்தையும் கடுமையாக விமர்சித்துவந்த நெதர்லாந்து அரசியல்வாதி பிம் ஃபோர்டைனை இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவர் கொன்றதாகவும், அதனால் அந்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தலே தள்ளிப்போனதாகவும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பவை இரண்டுமே தவறு. 2002 மே 6 அன்று ஹில்வர்சமில் வானொலிப் பேட்டியை முடித்துக்கொண்டு வாகன நிறுத்துமிடத்துக்கு வந்த அவரைச் சுட்டவர், விலங்குரிமைக்காகவும் சுற்றுச்சூழலுக்காகவும் இயங்கிவந்த ஒரு டச்சுக்காரர்; 2004-இல் திரைப்பட இயக்குநர் தியோ வான் கோ இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவரால் கொல்லப்பட்ட சம்பவத்தோடு இதை நண்பர் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். கட்சிகள் பிரசாரத்தைத்தான் நிறுத்தின. வாக்குப்பதிவு குறித்தபடி மே 15 அன்றே நடந்து, ஃபோர்டைனின் கட்சி 150-இல் 26 இடங்களைப் பிடித்தது. அவரைக் கொடியவராகச் சித்திரித்து வெறுப்பை வளர்த்ததாக இடதுசாரித் தலைவர்களும் பத்திரிகையாளர்களும்தான் அப்போது பழிக்கு ஆளானார்கள். ஆட்சியில் பங்கேற்ற அக்கட்சியின் உட்பூசல், மூன்று மாதங்களுக்குள் அரசையே கவிழ்த்தது தனிக்கதை.