பிளாஸ்டிக்கை விடுங்கள், மிஞ்சின சோற்றைப் பார்ப்போம்

குப்பை என்று ஆரம்பித்தாலே நம் ஆட்கள் நேராகப் பிளாஸ்டிக்குக்குப் போய்விடுகிறார்கள். மஞ்சப்பை, பாக்குமட்டைத் தட்டு, 2019 தடை, அப்புறம் தடை இருந்தும் கடையில் கிடைக்கும் கேரி பேக் என்று பேச்சு ஓடும். தப்பில்லை. சாக்கடை அடைப்பதும் மாட்டு வயிற்றில் சேர்வதும் அதுதான். ஆனால் பூமி சூடாவதைப் பற்றிப் பேசும்போதும் அதையே பிடித்துத் தொங்குவதுதான் எனக்கு ஒப்பவில்லை. பிளாஸ்டிக்கின் புகைக்கணக்கு பெரும்பாலும் அதைச் செய்த ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. குப்பைமேட்டுக்குப் போன பிறகு, யாரும் கொளுத்தாதவரை, அது சும்மாதான் கிடக்கும். அங்கே ராப்பகலாக வாயு விடுவது நம் வீட்டுச் சோறு, சாம்பார், காய்கறித் தோல், கல்யாண மண்டபத்து எச்சில் இலை. நம் ஊர்க் குப்பையில் கிட்டத்தட்டப் பாதி இதுதான்.

தோட்டத்து மூலையில் ஒரு வாழைப்பழத் தோல் மக்கினால் கார்பன் டை ஆக்சைடு வரும். அந்த வாழை காற்றிலிருந்து எடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கிறது, கணக்கு நேராகிவிடும். அதே தோலைப் பையில் கட்டி, லாரியில் ஏற்றி, மேட்டில் கொட்டி, மேலே பத்தடிக்குக் குப்பையைப் போட்டு நசுக்கினால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொண்டு மீத்தேனை விடுகின்றன. 100 வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும்; 20 வருடக் கணக்கில் 80 மடங்கு. மனிதர்களால் வரும் மீத்தேனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குப்பையிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வருகிறது. இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. மீத்தேன் காற்றில் 12 வருடம்போலத்தான் தங்கும். இன்றைக்குக் குறைத்தால் பேரப்பிள்ளை காலம்வரை காத்திருக்க வேண்டாம், நம் காலத்திலேயே பலன் தெரியும்.

2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்து நாட்கணக்கில் புகைந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் அதற்குக் கிடைத்ததும் அதே வருடம்தான்! வெயில் காலத்தில் இப்படிப்பட்ட மேடுகள் எரிய யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டியதில்லை. உள்ளே சூடும் இருக்கிறது, வாயுவும் இருக்கிறது. எரியாத நாட்களில் இந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, அதனால் செய்தியும் ஆகாது. செயற்கைக்கோளுக்குத் தெரிகிறது. டெல்லி, மும்பை, லாகூர், பியூனோஸ் ஐரிஸ் குப்பைமேடுகளிலிருந்து எவ்வளவு மீத்தேன் கிளம்புகிறது என்று மேலிருந்தே அளந்து 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்.

ஈரக் குப்பை செய்யும் இன்னொரு கெடுதலைப் பழைய பேப்பர் கடையில் நின்று பார்த்தால் புரியும். அட்டைப்பெட்டியைத் தராசில் வைக்கும் முன் கடைக்காரர் உள்பக்கம் கைவிட்டுத் தடவுவார். நனைந்திருந்தால் எடையில் கழிப்பார். குழம்பு பட்டிருந்தால் எடுக்கவே மாட்டார், ஓரமாகப் போய்விடும். மறுசுழற்சிக்குப் போக வேண்டிய காகிதமும் அட்டையும் இப்படித்தான் நம் அடுக்களை வாளியிலேயே செத்துப்போகின்றன. காயலான் கடைக்காரரையும் சாக்குப்பை தூக்கிக்கொண்டு பொறுக்குகிறவர்களையும் எந்தப் பருவநிலை மாநாட்டிலும் மேடையேற்றுவதில்லை. ஆனால் பழைய அலுமினியத்தை உருக்கினால் தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 95 சதவீதம் மிச்சம். அந்த வேலைக்கு முதல் படியே அவர்கள் கைதான்.

இப்போது எரிஉலைக்கு வருவோம். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி நடத்தினார்கள். நான் அவர்கள் பக்கம். புகை, சாம்பல், ஏற்கெனவே ஆலைகளால் நொந்துபோன பகுதி என்கிற நியாயங்கள் ஒருபுறம் இருக்கட்டும். பாதி ஈரமாக இருப்பதை எரிக்க நினைப்பதே எனக்குப் புரியவில்லை. ஈர விறகில் உலை வைத்துப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். டெல்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தோடு ஓர் எரிஉலை கட்டினார்கள். வந்த குப்பையில் எரியும் சத்து போதாமல் சில வாரங்களிலேயே மூடினார்கள். ஈரத்தைப் பிரித்துவிட்டு எரிக்கலாமே என்பார்கள். சரி, பிரித்த பிறகு ஈரத்தை உரமாக்கலாம், காகிதத்தையும் உலோகத்தையும் கடைக்குப் போடலாம். அப்புறம் உலைக்குத் தீனியாக மிஞ்சுவது பெரும்பாலும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை எரிப்பது பெட்ரோலை எரிப்பதற்குச் சமம்தான்.

தென்கொரியா 2005இலேயே உணவுக் கழிவை நேராகக் குப்பைமேட்டில் கொட்டத் தடை போட்டது. 2013இலிருந்து எடை அல்லது அளவு பார்த்துக் காசு வாங்குகிறார்கள். அவ்வளவு கறார் இங்கே உடனே நடக்காது. ஆனால் மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. ஜனங்கள் பிரிப்பதில்லை என்று அதிகாரிகளும், பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்று ஜனங்களும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் முதலில் மாற வேண்டியது லாரி. கண்ணெதிரே கலக்குவதைப் பார்த்தவன் மறுநாள் பிரிக்க மாட்டான். வார்டுக்கு வார்டு உரக்கூடம், மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் சாண எரிவாயு மாதிரிக் கலன், மக்கும் குப்பைக்கும் மக்காததற்கும் தனித்தனி வண்டி. எரிஉலைக்கு ஒதுக்கும் பணத்தை இதில் போடச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே உரம் செய்ய நினைப்பவர்கள் பயப்படுவது நாற்றத்துக்கும் புழுவுக்கும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். ஓட்டை போட்ட தொட்டி, காய்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ இரண்டு பங்கு, தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர், நாலைந்து நாளுக்கு ஒருமுறை கிளறல், இது போதும். கிளறும்போது சூடு கையில் அடித்தால் சரியாகப் போகிறது. புழு வந்தால் வரட்டும், அதுவும் தின்னத்தான் வந்திருக்கிறது. சருகுக்கு எங்கே போவது என்று மாடிவீட்டுக்காரர்கள் கேட்பார்கள். காலையில் தெருமுனையில் குவித்துக் கொளுத்துகிறார்களே, அதற்கு முன்னால் ஒரு சாக்கோடு போய் நில்லுங்கள்.