94010-ஐயும் 94060-ஐயும் சேர்த்துப் போடக் கூடாது
ஸ்பைரோமெட்ரி என்பது ஊதச் சொல்லி நுரையீரலின் வேலையை அளக்கும் டெஸ்ட். 94010-உம் 94060-உம் அதற்கு அமெரிக்க இன்சூரன்ஸில் பில் போடும் சிபிடி கோடுகள். மேலே ஒருவர், "மருந்துக்கு முன் ஒரு ஸ்பைரோமெட்ரி, பின் ஒன்று, ஆக இரண்டு டெஸ்ட். 94010, 94060 இரண்டையும் போடுங்க, ரிஜெக்ட் ஆனால் 59 மாடிஃபையர் சேருங்க" என்று எழுதியிருக்கிறார் (மாடிஃபையர் என்பது கோடின் பின்னால் சேர்க்கும் இரண்டு இலக்கக் குறி). இது தவறு. பெங்களூரில் அமெரிக்கக் கிளையண்ட்டுகளுக்குக் கோடிங் செய்கிற நம்மவர்களில் பலர், புதிதில் இப்படித்தான் சிக்குகிறார்கள். நானும் மாரத்தஹள்ளியில் நைட் ஷிப்ட் பார்த்த காலத்தில் சிக்கியவன்தான்.

94060-இன் விளக்கத்தைப் படித்தாலே போதும்: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் செய்யும் ஸ்பைரோமெட்ரி. முன் ஊதல் அதற்குள்ளேயே அடக்கம். ரிப்போர்ட்டில் எஃப்இவி1 (முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) வரிசையில் முன், பின் என்று இரண்டு கட்டங்கள், பக்கத்தில் எத்தனை சதவீதம் மாறியது என்று இருக்கும். அப்படி இருந்தால் 94060 மட்டும். மருந்தே கொடுக்கவில்லை என்றால் 94010 மட்டும். அந்த மருந்தை நெபுலைசரில் கொடுத்ததற்காக 94640-ஐத் தனியாகப் போடுவதும் இதே கதைதான்.

59 என்பது உண்மையிலேயே தனியாக நடந்த சேவைக்கு. ரிஜெக்‌ஷனைத் தாண்டக் கள்ளச்சாவி இல்லை. ஆடிட்டில் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

சரி, நியாயமாக வர வேண்டியதை விட்டுவிடாதீர்கள். டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து வாயு ரத்தத்துக்குள் எவ்வளவு செல்கிறது என்று பார்க்கும் டெஸ்ட்) செய்திருந்தால் 94729 சேரும். அது ஆட்-ஆன் கோடு, தனியாக நிற்காது; 94060-உடன் தாராளமாகப் போடலாம். அப்புறம், டாக்டர் ரிப்போர்ட்டை மட்டும் படித்துக் கையெழுத்திட்டிருந்தால் 26 மாடிஃபையர்.