சிறைக்கம்பி இல்லாத நீதியை ஏன் ஆதரிக்கிறேன்

கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் என்ற இடதுசாரி கெரில்லா இயக்கத்துக்கும் இடையே 2016இல் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தை ஆதரித்து எழுதும்போதெல்லாம், “கொலைகாரர்களைச் சிறைக்கு அனுப்பாத ஒப்பந்தத்தை எப்படி ஏற்கிறீர்கள்?” என்ற கேள்வி தவறாமல் வருகிறது. அது நியாயமான கேள்விதான். கேட்பவர்கள் எல்லோரும் போர்வெறியர்கள் அல்லர். ஆனால், பதில் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர்கள் பொஹாயா ஊர்மக்கள்.

2002 மே 2ஆம் தேதி, அத்ராத்தோ ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊரில் ஃபார்க்குக்கும் வலதுசாரி ஆயுதக் குழு ஒன்றுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, மக்கள் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தனர். வலதுசாரிக் குழுவினர் அந்தக் கட்டடத்தைச் சுற்றியே மறைந்து நின்று சுட, ஃபார்க் ஏவிய, வெடிமருந்து அடைத்த கேஸ் சிலிண்டர் ஒன்று கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்து வெடித்தது. ஏறக்குறைய 80 பேர் இறந்தனர். அவர்களில் ஏராளமானோர் குழந்தைகள். கை கால்களை இழந்த இயேசு சிலையை ஊரார் இன்றும் பாதுகாத்து வருகின்றனர். 2016 அக்டோபர் 2ஆம் தேதி ஒப்பந்தத்தின் மீது பொது வாக்கெடுப்பு நடந்தபோது, இதே பொஹாயாவில் வாக்களித்தவர்களில் சுமார் 96 சதவீதத்தினர் ‘வேண்டும்’ என்றனர். நாடு முழுவதுமாக எண்ணியபோதோ, 54,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ‘வேண்டாம்’ வென்றது. (போரில் அடிபட்டும் ‘வேண்டாம்’ என்ற பகுதிகளும் உண்டு, அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது.)

அடுத்து, தண்டனையே இல்லை என்பது சரியல்ல. ஒப்பந்தத்தின்படி அமைந்த சிறப்பு நீதிமன்றத்தில் உண்மையை முழுமையாக ஒப்புக்கொள்பவருக்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை நடமாட்டக் கட்டுப்பாடும், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடுசெய்யும் பணிகளும் விதிக்கப்படுகின்றன. மறுத்து, குற்றம் நிரூபணமானால் இருபது ஆண்டுகள் வரை சிறை. ஆட்கடத்தல் வழக்கில் ஃபார்க்கின் முன்னாள் தலைவர்கள் ஏழு பேருக்கு 2025 செப்டம்பரில்தான் எட்டு ஆண்டுத் தண்டனை வந்தது. கடத்தப்பட்டவர்களில் பலருக்கு அது போதவில்லை. எனக்கும் அது குறைவாகத்தான் படுகிறது. ஆனால், போர்க்களத்தில் முற்றாகத் தோற்காத ஓர் இயக்கம், தலைவர்கள் நேராகச் சிறைக்குள் போவதற்காக ஏறக்குறைய 9,000 துப்பாக்கிகளை ஐ.நா.விடம் ஒப்படைத்திருக்குமா? ஒப்படைக்காமல் போயிருந்தால் அந்தத் துப்பாக்கிகள் யாரைச் சுட்டிருக்கும்?

அதே நீதிமன்றம்தான் ராணுவத்தையும் கூண்டில் ஏற்றியது. வேலை வாங்கித் தருவதாக ஏழை இளைஞர்களை அழைத்துச் சென்று கொன்று, சண்டையில் இறந்த கெரில்லாக்கள் என்று கணக்குக் காட்டிய கொடுமையில், 2002க்கும் 2008க்கும் இடையே குறைந்தது 6,402 பேர் பலியானதாக அது கண்டறிந்தது. கொல்லப்பட்டவர்களின் தாய்மார்கள் எதிரே அமர்ந்து ராணுவ அதிகாரிகள் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு இந்த ஒப்பந்தமே வழிவகுத்தது.

எனக்குள்ள உறுத்தல் வேறு. மக்கள் நிராகரித்த ஒப்பந்தத்தைத் திருத்திய அன்றைய அதிபர் சாந்தோஸ், அதை மறுபடி மக்களிடம் கொண்டுபோகாமல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டார். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய முன்னாள் அதிபர் உரிபே தரப்புக்கு ‘எங்கள் வாக்கைக் களவாடினார்கள்’ என்ற முழக்கம் அதனால்தான் கிடைத்தது. அடுத்து ஆட்சிக்கு வந்தவர்களும் அந்தத் தரப்பினரே என்பதால் ஒப்பந்தத்தின் நிறைவேற்றம் சுணங்கியது. நிலமற்ற விவசாயிகளுக்கென ஒப்பந்தம் வாக்குறுதி தந்த 30 லட்சம் ஹெக்டேர் நில விஷயத்தில் பல ஆண்டுகள் ஆமை வேகம்தான்.

2019இல் ஃபார்க்கின் முன்னாள் தலைவர்களில் ஒருவரான இவான் மார்கெஸ் போன்றவர்கள் மீண்டும் ஆயுதம் எடுத்ததைக் காட்டி ‘பார்த்தீர்களா?’ என்கிறவர்கள், அவர்களோடு போகாமல் ஊர்களில் தங்கிவிட்ட பெரும்பான்மையினரைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்த அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் இதுவரை கொல்லப்பட்டிருக்கின்றனர். இதற்கு முன்பும் இதேதான் நடந்தது: 1980களில் ஃபார்க்கோடு அரசு நடத்திய பேச்சுவார்த்தையில் பிறந்த தேசபக்த ஒன்றியம் என்ற கட்சியைச் சேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர். ஃபார்க் அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் துப்பாக்கியை விடவில்லை. இன்னும் ஆயுதத்தோடு காட்டில் இருக்கும் மற்றொரு கெரில்லா இயக்கமான ஈ.எல்.என்.னோடு நாளை எந்த அதிபர் பேச உட்கார்ந்தாலும், எதிரே இருப்பவர்கள் முதலில் கேட்கப்போவது அந்த 400 பேரைப் பற்றித்தான்.