அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்களேன்!

ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினால் ‘இளைய நிலா’ போடுகிறார்கள். அடடா என்று சாய்வதற்குள் டம்டம்டம்! ரீமிக்ஸாம். 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டய்யா அது! அந்த ஆரம்பக் கிட்டாருக்காகவே காலேஜுக்கு லேட்டானாலும் டீக்கடை வாசலில் நின்ற கூட்டம் நாங்கள். அதை வெட்டி எந்தப் புண்ணியவானுக்கு என்ன கிடைத்தது? எஸ்.பி.பி. குரலையும் விடவில்லை, பஸ்ஸைவிட வேகமாக ஓட்டுகிறார்கள். நிலா எங்கே பொழிகிறது, இடியல்லவா விழுகிறது! சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கர் வேறு. செக்கானூரணி வருவதற்குள் முதுகெலும்பே தாளம் போடுகிறது. கண்டக்டரிடம் கேட்டால், “பழசப் போட்டா டிரைவருக்குத் தூக்கம் வந்துரும்ண்ணே” என்கிறார். ஏன், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் ஆகாதா? சரி, அடுத்த பாட்டாவது... அதுவும் டம்டம்டம்!