வடலூர் அடுப்பும் பெயர் தெரியாத அரிசி மூட்டைகளும்

பசித்து வருகிறவர்களுக்குச் சும்மா சோறு போடுகிற வடலூர் சத்திய தருமசாலையைப் பற்றி யார் எழுதினாலும் அதை நிறுவிய வள்ளலாரில் தொடங்கி வள்ளலாரிலேயே முடித்துவிடுகிறார்கள். தைப்பூசம் வந்தால் போதும், முகநூல் முழுக்க அவர் படமும் ஜோதியும்தான். தவறென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்கு எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

தருமசாலை தொடங்கியது 1867 மே 23. மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் வள்ளலார் கடைசியாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது 1874 ஜனவரி 30. நடுவில் முழுதாக ஏழு வருஷம்கூட இல்லை. அதிலும் 1870-லிருந்து அவர் குடியிருந்தது மேட்டுக்குப்பத்தில்தான். சரி, அதற்கப்புறம் 150 வருஷத்துக்கும் மேலாக அங்கே சோறு ஆக்கிப் போட்டவர்கள் யார்? அரிசிக்கு யார் அலைந்தார்கள்? விறகு எங்கிருந்து வந்தது? மழைக்காலத்தில் கையிருப்பு தீர்ந்தபோது யார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்? என்னைக் கேட்டால் தருமசாலையின் வரலாறு என்பது இந்தக் கேள்விகளுக்கான பதில்தான். அதைத்தான் நாம் எழுதிவைக்கவில்லை.

முதலில் நிலம். வள்ளலாரின் ஞான சபையும் தருமசாலையும் நிற்கிற பெருவெளி சுமார் 80 காணி, இன்றைய அளவில் நூறு ஏக்கருக்கு மேல். அதைக் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் ஊர் மக்கள். ராஜா ஒருவர் கிராமத்தையே எழுதிவைத்தார், ஜமீன்தார் சத்திரம் கட்டினார் என்று நாம் வழக்கமாகக் கேட்கிற தான தருமக் கதை இல்லை இது. ஓர் ஊரே சேர்ந்து தன் மண்ணை விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய முடிவு என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் அந்த அடுப்பு. 21 அடி நீளம். ஏற்றிய நாளிலிருந்து அணைந்ததே இல்லை என்பார்கள், அதனால்தான் அதற்கு அணையா அடுப்பு என்று பேர். எல்லோரும் அந்த நெருப்பை வியக்கிறார்கள். எனக்கு வியப்பு நெருப்பில் இல்லை. நெருப்பு அணையாமல் இருக்க விறகு போதும். மூன்று வேளையும் உலை வைக்க அரிசி வேண்டுமே! அது ஒரே பெரிய பணக்காரரை நம்பி வந்திருந்தால் அவர் மகன் காலத்திலேயே நின்றிருக்கும். பெயர் போடாமல் ஒரு மூட்டை அரிசி இறக்கிவிட்டுப் போகிறவர்கள், தைப்பூசத்துக்கு வண்டி வண்டியாகக் காய்கறி அனுப்புகிறவர்கள், தங்கள் ஊரில் வள்ளலார் வழி நடக்கிற சன்மார்க்க சங்கத்தில் வசூல் செய்து கொண்டுவருகிறவர்கள், இப்படி ஆயிரம் கை சேர்ந்ததால்தான் நிற்கவில்லை. இன்றைக்கு நிர்வாகம் அறநிலையத் துறையிடம் இருக்கிறது. ஆனாலும் பானைக்குள் போகும் அரிசியைப் பக்தர்கள் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். பசித்தவரின் தேசம், சமயம், சாதி பார்க்காதே என்று வள்ளலார் எழுதியதை எல்லோரும் சொல்வார்கள். அவர் அந்த வரிசையில் ‘செய்கை’யையும் சேர்த்திருக்கிறார். அதாவது வந்திருப்பவன் எப்படிப்பட்டவன், என்ன செய்துவிட்டு வந்தான் என்றும் விசாரிக்காதே என்கிறார். சாதியைக் கேட்கக்கூடாது என்பதை மேடையிலாவது ஒப்புக்கொள்கிறோம். செய்கையைக் கேட்கக்கூடாது என்பதை இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ‘குடிச்சிட்டு வர்றவனுக்கு எதுக்கு சோறு’, ‘கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிடலாமே’ என்று அன்னதான வரிசைக்குப் பக்கத்தில் நின்றே பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். நன்கொடை கொடுப்பவர்களே பேசுவார்கள், அதுதான் வேடிக்கை.

இந்த விதி எவ்வளவு பெரியது என்று புரிய, தருமசாலை தொடங்கிப் பத்தே வருஷத்தில் வந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பார்க்க வேண்டும். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். நிவாரணச் செலவு அதிகம் என்று கவலைப்பட்ட அரசாங்கம் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பியது. அவர் 1877-ல் கொண்டுவந்த ஏற்பாடு: நாளெல்லாம் நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான கூலி, மேலே கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. இந்த அளவில் உடம்பு தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்து எழுதினார். டெம்பிள் கொடூரமானவர் என்பதோடு இதை முடித்துவிட முடியாது. தகுதியில்லாதவன் தின்றுவிடுவான், சும்மா கொடுத்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்ற பயம்தான் அந்த ஏற்பாட்டின் அடித்தளம். அதே மாகாணத்தில், அதே பத்தாண்டில், வாசலில் யாரையும் நிறுத்தி விசாரிக்காத ஒரு தருமசாலை நடந்துகொண்டிருந்தது.

டெம்பிள் போய்விட்டார், அந்தப் பயம் போகவில்லை. இன்றைக்கு ஒரு மளிகைப் பை வாங்க ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, அப்புறம் பையைப் பிடித்தபடி ஒரு போட்டோ. கொடுப்பவர் சிரிக்கிறார், வாங்குபவர் தரையைப் பார்க்கிறார். கணக்கு காட்ட வேண்டும், நன்கொடையாளர் கேட்கிறார்கள் என்று சொல்வார்கள். கணக்கு கட்டாயம் வேண்டும். எத்தனை கிலோ வந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். அதற்கு அந்த அம்மாவின் முகம் எதற்கு?

நிலம் கொடுத்தவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பார்வதிபுரம் மக்கள் எதிர்த்து நின்றார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நல்லவர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். என் கருத்து, மையம் வேறு இடத்தில் வரட்டும், வெளி வெளியாகவே இருக்கட்டும் என்பது. அதைவிட என்னைச் சங்கடப்படுத்தியது, அந்த ஊர்க்காரர்கள் யார், அவர்களுக்கு இதில் என்ன உரிமை என்றே பலருக்குத் தெரியாமல் இருந்ததுதான். ஜோதியைத் தெரிந்தவர்களுக்கு 80 காணியைத் தெரியவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, நெய்வேலி பக்கம் பழைய சன்மார்க்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இதைப் படித்தால், வீட்டுப் பரணில் தாத்தா காலத்து வசூல் நோட்டு, அரிசி ரசீது, சங்கத்து அழைப்பிதழ் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போனில் படம் எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சுகளைக் காப்பதையே வேலையாகச் செய்கிறார்கள், அவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், எந்த மாதம் எவ்வளவு அரிசி போனது, யார் வண்டி கட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னூட்டத்தில் போட்டாலும் சரி, நான் தொகுத்து வைக்கிறேன்.