புது டயர் முன்னாலா, பின்னாலா?

"ரெண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்களா? புதுசை முன் சக்கரத்தில் போடுங்கள், ஸ்டியரிங் அங்கேதான் இருக்கிறது" என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. புது ஜோடி பின்னால்தான் போக வேண்டும், முன் சக்கரம் இழுக்கும் கார்களிலும்.

காரணம் மழை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. பட்டன் (டயரின் மேல்பரப்பில் உள்ள மேடு பள்ள வடிவம்) தேய்ந்த டயரால் தண்ணீரை வெளியே தள்ள முடியாது. தண்ணீர்மேல் மிதந்து பிடிப்பை இழக்கும். முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாவது கையில் தெரியும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின் டயர் வழுக்கினால் அப்படி ஒரு எச்சரிக்கையும் கிடைக்காது, வண்டியின் பின்பக்கம் வீசிச் சுழலும். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை போகும் வளைவுகளில் அதைச் சமாளிப்பது நல்ல ஓட்டுநருக்கே கஷ்டம்.

சரி, முன் டயர் வெடித்தால்? பயம் நியாயம்தான். ஆனால் வெடிக்கும் நிலையில் உள்ள டயர் காரில் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது. காற்று குறைவாக ஓட்டுவதும் அதிக பாரமும்தான் பெரும்பாலும் டயரை வெடிக்க வைக்கின்றன.

டயர் பட்டனின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ.தான், சட்டப்படி அதுவே கடைசி எல்லை. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காதீர்கள். அப்புறம், வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத் தயாரிப்பு.