எட்டுப் பக்க ஜாதகமும் ஒரு மில்லிமீட்டர் கண்ணும்

பிஜேடி, அதாவது ரெசின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த, பந்து மூட்டு வைத்த பொம்மைகள், வைத்திருக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததைத் திரும்ப ஒப்பிக்கப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கு அன்று ராத்திரியே ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். "புருவம், கண்ணு, பாஸ்டல் இதெல்லாம் மேக்கப்தானே? கேரக்டர்னா அது கதைல இருக்கு" என்றாரே அண்ணன், அந்த ஒரு வரிக்கும் அதற்கு விழுந்த கைதட்டலுக்கும்தான் இந்தப் பதிவு. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. (கொஞ்சம் இருக்கிறது.) தன் பொம்மையின் கதையை எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார், உழைப்புதான், மறுக்கவில்லை. பொம்மையின் பெயர், ராசி, பிறந்த ஊர், ஏழாம் வகுப்பில் பட்ட அவமானம், பிடித்த காபி, பிடிக்காத சித்தி எல்லாம் இருக்கிறது. தலை மட்டும் வந்த பெட்டியிலேயே வெறும் ரெசினாகப் படுத்திருக்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. ஓட்டைக்கு எட்டுப் பக்க ஜாதகம்.

பிஜேடிக்குக் குணம் என்பது கண்ணின் மில்லிமீட்டரில் இருக்கிறது. புருவத்தின் சாய்வில் இருக்கிறது. உடம்புக்குள் ஓடும் எலாஸ்டிக் எவ்வளவு இழுக்கிறது என்பதில் இருக்கிறது. காகிதத்தில் "கூச்ச சுபாவம்" என்று எழுதினால் பொம்மை கூச்சப்படாது. அதைக் கையால் செய்து முடித்தால்தான் உண்டு. இதை இந்தப் பதிவில் இன்னும் நாலு தடவை சொல்லுவேன், சலிப்பவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

கண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 60 செ.மீ. உயரப் பொம்மைகளில் பலவற்றுக்கு 16 மி.மீ. கண் பொருந்தும், 40 செ.மீ. சொச்சத்துக்கு 14. இது உருண்டையின் விட்டம் மட்டும். கருவிழி எவ்வளவு என்பது தனிக் கணக்கு, புதிதாக வாங்குகிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். அதே 16-இல் சின்னக் கருவிழி வாங்கிவிட்டால் சுற்றி வெள்ளை தெரியும். மேல் இமை கருவிழியின் உச்சியைக் கொஞ்சம் மறைக்க வேண்டும், கீழ்விளிம்பு கீழ் இமையைத் தொட வேண்டும். முழு வட்டமும் தெரிந்தால், எட்டுப் பக்கத்தில் "ஆழ்ந்த அமைதி கொண்டவள்" என்று எழுதியிருந்தாலும் பெண் தலையில் பல்லி விழுந்தவள் மாதிரிதான் நிற்பாள்.

இனி அதைப் பொருத்துவது. தலையின் பின்மூடியைக் கழற்றி, வெள்ளை சிலிகான் புட்டியை மெல்லிய திரியாக உருட்டி, கண்குழியின் உள்விளிம்பில் வளையமாக வைத்து, கண்ணை உள்ளிருந்து அழுத்த வேண்டும். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற நீலப் பசை வேண்டாம். எண்ணெய் கசிந்து ரெசினில் கறை ஏறிவிடும். கண்ணுக்கும் இமைக்கும் நடுவே இடுக்கு விட்டால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது உள்ளே இருட்டு தெரியும். இரண்டு கண்ணும் நேராகப் பார்த்தால் எதிரே நிற்பவரைத் துளைக்கிற பார்வை. இரண்டையும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர், ஒரே ஒரு மில்லிமீட்டர், இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளினால் அவள் எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் கீழே தாழ்த்தினால், நீங்கள் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்லாமல் இருக்கிறாள். ஒரு கண்ணை மட்டும் தள்ளிவிட்டால் மாறுகண். இதைத்தான் "மேக்கப்" என்றார் அண்ணன்.

அப்புறம் புருவம். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு பெண் தன் பொம்மைத் தலையைக் கேமராவுக்கு முன்னால் நீட்டி, "மூணு தடவை அழிச்சுப் போட்டேன்" என்று சிரித்தாளே, அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் "மேக்கப்" வந்தது. மூன்று தடவை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

புதுத் தலையை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவ வேண்டும். வார்ப்பிலிருந்து எடுக்கப் பூசின வழவழப்பு ஒட்டியிருந்தால் மேலே அடிப்பது எதுவும் நிற்காது, உரிந்து வரும். காய்ந்தபின் மேட் சீலர் ஸ்ப்ரே, அதாவது வண்ணம் பிடித்து நிற்க அடிக்கும் பளபளப்பில்லாத பூச்சு. 20 - 30 செ.மீ. தள்ளி நின்று, லேசாக, இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரைமணி நேரம். கிட்ட நின்று அடித்தால் மூக்கோரத்தில் தேங்கிப் பளபளக்கும், ரொம்பத் தள்ளி நின்றால் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி வந்து உட்காரும். அந்தப் பூச்சின் சொரசொரப்புதான் பாஸ்டல் என்கிற வண்ணக்கட்டியின் தூளைப் பிடித்து வைக்கிறது. பிறகு சாஃப்ட் பாஸ்டலைச் சுரண்டித் தூளாக்கி (ஆயில் பாஸ்டல் இல்லை, தயவுசெய்து) கன்னம், இமை, உதடு. திரும்பச் சீலர். அப்புறம் தண்ணியாகக் கரைத்த அக்ரிலிக், முடி போன்ற தூரிகை, புருவத்தின் ஒவ்வொரு முடியும் ஒரு கோடு. ஒரு புருவத்துக்கு முப்பது நாற்பது கோடு போகும். திரும்பச் சீலர். இதற்கெல்லாம் ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் கட்டாயம், துணி மாஸ்க் எதற்கும் உதவாது.

இத்தனைக்கும் பிறகு இடது புருவம் வலதைவிட ஒரு நூல் மேலே ஏறியிருப்பது மறுநாள் காலையில் தெரியும். போட்டோ எடுத்துக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பார்த்தால் உடனே தெரியும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தப் புத்தி யாருக்கும் வருவதில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் எல்லாமே போய்விடும், கன்னம் உதடு உட்பட. (அசிட்டோன் எடுத்தீர்களானால் ரெசினே போய்விடும்.) அதுதான் ஒரு தடவை. அவள் மூன்று தடவை செய்திருக்கிறாள். அதுவும் ஐப்பசியில், சென்னையில். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே சீலர் வெளுத்துப் பால் மாதிரி படியும் ஊரில், மழை விட்ட மத்தியான நேரமாகப் பார்த்து மொட்டைமாடிக்கு ஓடியிருக்கிறாள்.

"அப்போ கதையே வேண்டாம்னு சொல்றீங்களா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். சொல்லவில்லை. முதலில் ஆளை மனதில் உருவாக்கிக்கொண்டு அதற்கு ஏற்ற தலை தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், நல்லவர்கள், எனக்கே நாலு பேரைத் தெரியும். ஆனால் அவர்கள் தலை தேடும்போது வாயோரத்தைப் பார்க்கிறார்கள். வார்ப்பிலேயே வாய் நுனி மேலே வளைந்திருந்தால் எத்தனை கோபமான புருவம் வரைந்தாலும் கோபம் வராது, நக்கல்தான் வரும். உங்கள் கதாபாத்திரம் நக்கல் பேர்வழி என்றால் கொண்டாட்டம். துக்கத்தில் இருப்பவள் என்றால் எட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போட வேண்டியதுதான். வார்ப்பு கதைக்கு அடங்காது, கதைதான் வார்ப்புக்கு அடங்க வேண்டும்.

"வோக்ஸ் கம்பெனியே பேர் வெச்சுத்தானே வித்தாங்க?" ஆமாம். 1999-இல் ஜப்பானில் கியோத்தோவின் பொம்மைக் கம்பெனி வோக்ஸ் சூப்பர் டால்ஃபி என்ற பெயரில் தன் முதல் பிஜேடிகளை இறக்கியபோது நானா, கிரா, சாரா, மெகு என்று பெயரோடுதான் வந்தன. பெயர் வந்தது, சரி. ஆனால் ஒரு வீட்டில் நானாவுக்குக் கறுப்பு விக், பழுப்புக் கண். இன்னொரு வீட்டில் வெளிர் விக், சாம்பல் கண். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருத்திக்கு ஒருத்தி சொந்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. கியோத்தோவின் அரஷியாமாவில் அவர்கள் நடத்தும் டென்ஷி நோ சாடோ என்கிற பொம்மைக் கூடத்தில் ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்ளும்போதும் தலை வார்ப்பு எது, தோல் நிறம் எது, கண் எது, கை எது என்று பொருள் பொருளாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜாதகம் யாரும் கேட்பதில்லை.

"பொம்மைக்கு இவ்வளவு சீன் போடணுமா?" இதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, இருந்தாலும். ஜெர்மன் கலைஞர் ஹான்ஸ் பெல்மர் 1930-களில் பெர்லினில் தன் பொம்மையின் வயிற்றில் ஒரு பெரிய பந்தை வைத்து, சுற்றி உறுப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் படம் எடுத்தார். பார்த்தால் வயிற்றைக் கலக்கும் படங்கள், எனக்குப் பிடித்தவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பெயர் கிடையாது, ராசி கிடையாது, சித்தி கிடையாது. பேசினது முழுக்க அந்த மூட்டுதான்.

மூட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட அன்றைக்கு யாரும் பேசவில்லை, அதுதான் என் இரண்டாவது வருத்தம். ஒரு எலாஸ்டிக் ஒரு கணுக்காலிலிருந்து ஏறி, கழுத்தில் தலையின் எஸ்-ஹூக்கில் (எஸ் வடிவக் கொக்கி) மாட்டி, மறு கணுக்காலுக்கு இறங்குகிறது. இன்னொன்று மணிக்கட்டிலிருந்து மார்பு வழியாக மறு மணிக்கட்டுக்கு. பெரிய பொம்மைக்குக் காலில் 4 மி.மீ., கையில் 3 மி.மீ. கயிறு போடுவார்கள். ரொம்ப இறுக்கினால் உட்கார வைக்கும்போது கால் சுண்டிக்கொண்டு எதிரே இருப்பவரை உதைக்கும். தளர்ந்தால் தலை தொங்கும், முழங்கால் மடியும். மூட்டுக் கிண்ணத்துக்குள் மெல்லிய ஸ்வேட் தோலை நாணய அளவு வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு ஒட்டிப் பாருங்கள். பிடிப்பு வரும், ஒற்றைக் காலில் கனம் போட்டு இடுப்பைச் சாய்த்து நிற்பாள். தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, தலையைத் தாழ்த்தி, ஒரு கையை மறு முழங்கையில் வையுங்கள். கூச்ச சுபாவம் வந்துவிட்டது. எட்டுப் பக்கம் தேவைப்பட்டதா?

இன்னொன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்த எட்டுப் பக்கத்தின்படி அவள் தேனிப் பக்கத்து ஊர்க்காரி, "மண்ணின் நிறம்" என்று கவிதையாக ஒரு வரி வேறு. தலையோ 'நார்மல் ஸ்கின்', அதாவது ரோஜா கலந்த வெளுப்பு. நார்மல்! அந்தப் பெயரைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். கூட்டத்தில் டான் ரெசின், அதாவது பழுப்புத் தோல் நிற ரெசின், வைத்திருந்தவள் புருவத்தை மூன்று தடவை அழித்த அந்தப் பெண் ஒருத்திதான். டான் ரெசினில் வேலை செய்வது இரண்டு பங்கு சிரமம். மணல்தாள் போட்ட இடம் வெளிறித் தழும்பாக நிற்கும். சீலர் ஒரு பொட்டு வெளுத்தாலும் பளிச்சென்று தெரியும். கடையில் கிடைக்கும் இளஞ்சிவப்புப் பாஸ்டலில் வெள்ளை கலந்திருப்பதால் கன்னத்தில் போட்டதும் திருநீறு பூசின மாதிரி சாம்பலாகும். செங்கல் சிவப்பு, கருஞ்சிவப்பு, அடர்பழுப்பு என்று ஆழமான நிறங்களிலிருந்து தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். அவள் அதைச் செய்திருந்தாள். கன்னத்தில் ரத்தம் ஓடியது. மண்ணின் நிறத்தை எழுதினவருக்குக் கைதட்டல், நிறத்தைக் கொண்டுவந்தவளுக்கு "மேக்கப்".

புடவை கட்டப் போகிறாராம் அண்ணன். நல்லது. பெரிய பொம்மை நம் உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அஞ்சரை மீட்டரை மூன்றால் வகுத்தால் ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல் கொஞ்சம், அகலம் 38 செ.மீ. போல வரும். கணக்கு சுலபம். துணியின் தடிமன் மட்டும் மூன்றால் வகுபடாது. பட்டுத் துணியை அப்படியே கட்டினால் கூடாரம் மாதிரி விறைத்து நிற்கும், மடிப்பு உட்காராது. நாலைந்து தடவை துவைத்துத் துவண்ட மல்மல்தான் விழும். அடர்சிவப்பு, கறுப்பு என்றால் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், இல்லையென்றால் இடுப்பில் ஒட்டின சாயம் லேசில் போகாது. இதெல்லாம் எட்டுப் பக்கத்தில் எந்தப் பக்கத்தில் வருகிறது?

"கைவேலை வராதவங்க என்ன பண்ணுவாங்க அக்கா?" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கண்ணும் விக்கும் மாற்றத் தூரிகை பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. முகம் வரைந்து தருகிறவர்களிடம் கொடுக்கலாம், செலவு ஆகும். கொடுத்தால் படத்துக்குக் கீழே அவர்கள் பெயரைப் போடுங்கள். அதைக்கூடப் பாதிப் பேர் செய்வதில்லை. "என் கேரக்டர்" என்பார்கள். புருவம் யாருடையது?

குரல் உயர்ந்துவிட்டது, தெரிகிறது. "பொறாமை" என்று எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினாள். கண் இரண்டும் ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம். வலது புருவத்தின் வால் அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது, யாரோ சொன்ன பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவள் மாதிரி. கீழே ஒரு வரி: "சமமா இல்ல, அழிச்சிடவா அக்கா?"

அழிக்காதேம்மா. வெளியே மழை, சீலர் டப்பாவையும் தொடாதே.